மூடாத அமர்வு

மனித இனம் தோன்றிய நாள்முதல் எந்த நாட்டாலும் எண்ணிப் பார்க்க இயலாததும், இனி எந்த நாட்டாலும் எட்டிப் பிடிக்க முடியாததுமான ‘மூடாத அமர்வு’, கார்த்திகைத் திங்கள் நல்லதொரு முகூர்த்தத்தில் தஞ்சாவூரில் குத்துவிளக்கேற்றித் தொடங்கி வைக்கப்பட்டது என்பதைப் பூவுலகத்தார் அனைவரும் அறிந்து மகிழ்வார்களாக.

காணாமற்போனவர்களைத் தேடித் தரும் மீட்பகத்தின் வாசலில் கறுப்புச் சலவைக்கல்லில் இந்த வாசகம் தங்க எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே வந்திருந்தவர்கள், வாழ்த்தியவர்கள், வரமுடியாமைக்கு வருந்தியவர்கள் பெயர்கள். மூடாத அமர்வு என்றால் என்ன என்று எழுத மட்டும் கல்லில் இடம் போதவில்லை.

கடல் ஊருக்குள் வந்து மூன்று நாள் தங்கிவிட்டுப் போன ஆண்டு அது. போகும்போது ஆட்களை இடம் மாற்றி வைத்துவிட்டுப் போயிற்று. கணவன் ஒரு முகாமில், மனைவி இன்னொரு முகாமில், குழந்தை வேறொரு மாவட்டத்தில். அடிபட்டுப் பேச்சு வராதவர்கள், அதிர்ச்சியில் சொந்தப் பெயரே மறந்தவர்கள் என்று ஏராளம். எல்லாரையும் படம்பிடித்துப் பதிவேற்றினார்கள். கல்யாணப் படத்தையும் முகாம் படத்தையும் காட்டி ‘இருவரும் ஒருவரா?’ என்று கணினியைக் கேட்டால், இல்லை என்றது. கணினியைக் குறை சொல்ல முடியாது. கல்யாண ஆல்பத்தில் உள்ள முகத்தைத் தாலி கட்டியவனே மறுநாள் காலையில் அடையாளம் காணத் திணறுகிற நாடு இது.

எனவே மனிதக் கண் தேவைப்பட்டது. அப்படி வந்து சேர்ந்தவர்தான் இசக்கியம்மாள். தொலைக்காட்சித் தொடர்களில் ஒப்பனைக் கலைஞராக இருந்தவர். இருபத்தைந்து வயதுப் பெண்ணை மாமியாராகவும், ஐம்பத்தைந்து வயது அம்மாளைக் கல்லூரி மாணவியாகவும் மாற்றி மாற்றி, மேல்பூச்சுக்கு அடியில் இருக்கும் முகத்தைப் பார்க்கப் பழகியிருந்தார். மீட்பகம் அவரை ஒரு கட்டிலில் படுக்க வைத்துத் தலையில் கம்பி வலைத்தொப்பி ஒன்றை மாட்டியது. லட்சக்கணக்கான பதிவுகளும் அவர் மனத்துக்குள் இறங்கின. இதற்குப் பெயர்தான் அமர்வு. கண் மூடியிருக்கும், குழாய் வழியாகச் சாப்பாடு, வாய் மட்டும் பேசும். இங்கோ வெளியூர்க் கிளையிலோ ஜன்னலில் யாராவது ஒரு படத்தை நீட்டினால், அது உள்ளே போய் அவர் மனக்கண்ணில் நிற்கும். முகாம் முகங்களை எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “இருக்காவ” என்பார், அல்லது “இல்லண்ணே” என்பார்.

முதல் வாரம் சேர்ந்த குடும்பங்கள் கொஞ்சநஞ்சமல்ல. ஜன்னலுக்கு வெளியே அழுகைச் சத்தத்தில் பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்த முடியவில்லை என்று புகார்கூட வந்தது.

வெள்ளிக்கிழமை மாலை அமர்வை மூடி, திங்கட்கிழமை புதிதாகத் திறக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் வெள்ளிக்கிழமை மதியம் அமைச்சர் வந்துவிட்டார். கட்டிலைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார், இசக்கியம்மாளைப் பார்த்து வணக்கம் சொன்னார். “இத எப்ப மூடுவீங்க?” என்று கேட்டார். பெரியவர்கள் வந்தால் இப்படி ஏதாவது கேட்பது வழக்கம்.

இயக்குநர் முனைவர் குலோத்துங்கன் கையில் அப்போது மைக் இருந்தது. மைக் கையில் இருக்கும்போது அவர் இயல்பாகப் பேசியதில்லை.

“மூடுவதா! நம்முடைய அமர்வு மூடாது ஐயா! கடைசித் தமிழன் கரை சேரும் வரை ஒரு கணமும் மூடாது!”

கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று.

அன்று மாலை அமர்வை மூடப் போன மேற்பார்வைப் பொறியாளர் நூருல் அமீனை இயக்குநர் வழிமறித்தார்.

“என்னய்யா பண்ணப் போற?”

“வெள்ளிக்கிழமை சார். மூடித் திறக்கணும்.”

“அமைச்சர் காதுல விழுந்த வார்த்தையத் திரும்ப எடுக்க முடியுமாய்யா?”

“சார், திறந்தப்ப இருந்த பதிவுதான் அந்தம்மா மனசுல இருக்கு. கல்யாண மண்டபத்துல குரூப் போட்டோ எடுக்குற மாதிரி. எடுத்ததுக்கு அப்புறம் வந்தவன் அந்தப் போட்டோவுல எப்படி சார் இருப்பான்?”

“சீக்கிரம் வந்திருக்கணும்.”

“விளையாடாதீங்க சார். முகாம்லேருந்து புதுசு புதுசா பதிவு ஏறிக்கிட்டே இருக்கு. மூடித் திறந்தாத்தான் அதெல்லாம் அவங்க கண்ணுல படும்.”

“மூடினா அது மூடின அமர்வு ஆயிடுமே?”

அமீனுடைய ஒப்பந்தம் பங்குனியில் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது; புதுப்பிக்க வேண்டியவர் எதிரில் நின்றுகொண்டிருந்தார். அமீன் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த வாரம் கல்வெட்டு வந்தது. வாசலில் நாள் கணக்குக் காட்டும் மின்பலகை வந்தது. இருபத்தைந்தாவது நாள் ஊரெங்கும் சுவரொட்டி ஒட்டினார்கள். ஐம்பதாவது நாள் இனிப்பு வழங்கினார்கள். படம் ஓடினால் கொண்டாடுகிற ஊரில் அமர்வு ஓடினால் கொண்டாடக் கூடாதா? குடும்பங்கள் சேர்வது மெல்லக் குறைந்து, பிறகு நின்றே போனது. அதற்கும் இயக்குநரிடம் விளக்கம் இருந்தது. ‘காணாமற்போனோர் அநேகமாகத் தீர்ந்துவிட்டனர்’ என்று தலைமைச் செயலகத்துக்கு அறிக்கை அனுப்பினார்.

சகாயராஜ் முதல்முறை வந்தது அமர்வின் இரண்டாவது வாரம். நாகப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்து, யாரோ ஒரு படகுக்காரர் புண்ணியத்தில் கரை ஏறியவர். ஜன்னலில் முகத்தை வைத்து, “எங்க வீட்டுக்காரியத் தேடணும்ங்க” என்றார்.

“படம் மட்டும் குடுங்க. பேரு சொல்லக் கூடாது” என்றார் அமீன். ஒரே பெயரை வைத்துக்கொண்டு மூன்று குடும்பங்கள் அடித்துக்கொண்ட பிறகு வந்த விதி அது.

“அவ பேர நான் எப்பங்க சொல்லியிருக்கேன்? ‘இந்தா’ன்னா திரும்புவா.”

படம் உள்ளே போனது. ஒலிபெருக்கியில் இசக்கியம்மாள் குரல் வந்தது.

“அண்ணே, நல்லா லட்சணமா இருக்காவளே! மூக்குக்குப் பக்கத்துல அந்த மச்சம் நெசமா, மையி வச்சதா?”

“நெசந்தான் தங்கச்சி.”

“நான் பாத்த மச்சத்துல பாதி நான் வச்சது. அதான் கேட்டேன்.” உள்ளே ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “இல்லண்ணே. இந்த முகம் சேத்துல கெடந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்கும். இல்ல.”

சகாயராஜ் பதிவுச் சீட்டை வாங்கிக்கொண்டு மனுதாரர் முகாமில் போய்ப் படுத்தார். மாதத்துக்கு ஒருமுறை கேட்கலாம். மூன்று முறை ‘இல்லை’ என்றால் இறந்ததாகக் கொள்ள வேண்டும் என்பது மீட்பகத்தின் மும்முறை விதி. எங்கோ ஓரிடத்தில் முடிவு என்று ஒன்று வேண்டுமல்லவா? இல்லாவிட்டால் மனுதாரர் முகாமுக்கு யார் சோறு போடுவது?

இரண்டாம் முறை வந்தபோது இசக்கியம்மாள் வியந்தார். “என்னண்ணே, இப்பத்தான கேட்டுட்டுப் போனீங்க?”

சகாயராஜ் அமீனைப் பார்த்தார். அமீன் இருமினார். கட்டிலில் இருப்பவருக்கு அது ஒரே நீண்ட பகல். எத்தனை நாள் ஆயிற்று என்று அவரிடம் சொல்லக் கூடாது என்பது இயக்குநர் உத்தரவு. ஊழியர் மனநலம் கருதியாம்.

“சும்மா இன்னொரு தடவை பாரு தங்கச்சி.”

“நான் ஒரு தடவை பாத்தா பாத்ததுதான். இல்லண்ணே.”

அன்று வெளியே டீக்கடையில் சகாயராஜ் அமீனிடம் சொன்னார். “முதல் நாளே ரேடியோவுல சொன்னான் சார், கடல் வருதுன்னு. திருவாரூர்ல அக்கா வீட்டுக்குப் போயிருவோம்னு அவ மூட்டை கட்டிட்டா. ‘இவனுங்க வருசா வருசம் சொல்லுவானுங்க, உனக்கு அக்கா வீட்டுல கறிசோறு தின்ன ஆசை’ன்னு நாந்தான் மூட்டையப் பிரிச்சுப் போட்டேன். ராத்திரி பூரா மூஞ்ச திருப்பிக்கிட்டுப் படுத்திருந்தா. அந்தக் கோவத்தோட போயிட்டா சார்.”

அமீன் டீயை ஊதிக்கொண்டே இருந்தார். அப்போதே சொல்லியிருக்கலாம். ‘அங்கே உள்ளே இருக்கிறது பழைய படம், அதில் உன் மனைவி இல்லை என்பதற்கு அர்த்தமே இல்லை’ என்று ஒரு வாக்கியம். டீ ஆறியது. “பாப்போம் சகாயம்” என்றார். நம் ஊரில் எந்தக் கேள்விக்கும் பொருந்துகிற பதில்.

மூன்றாம் முறை வந்தபோது வாசலில் நூறாவது நாள் விழாவுக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது.

“யண்ணே, மறுபடியுமா?” என்றது ஒலிபெருக்கி.

“கடைசித் தடவை தங்கச்சி. மழை போயி, தர்பூசணியே வந்து குமிஞ்சு கெடக்கு. இன்னுமா அவ கெடைக்கல?”

“தர்பூசணியா?”

அமீன் அவசரமாக ஒலிபெருக்கியை அணைக்கப் போனார். அதற்குள் இசக்கியம்மாளிடமிருந்து பதில் வந்துவிட்டது. இல்லை.

அலுவலர் நீட்டிய தாளில் சகாயராஜ் வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தார். “கையெழுத்துப் போடலன்னா?”

“முகாம்ல எடம் கெடையாது. போட்டா வேற ஊர்ல வீடு தருவாங்க.”

போட்டார். இறப்புச் சான்றிதழ் நாளை காலை கிடைக்கும் என்றார்கள்.

அவர் போன பிறகு இசக்கியம்மாள் கூப்பிட்டார். “அமீன் அண்ணே, இருக்கீயளா?”

“சொல்லுங்கம்மா.”

“எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல. உள்ள இருக்குற அம்புட்டுப் பேருக்கும் தலை ஈரமாவே இருக்கே, ஏன்? ஒருத்தருக்குக்கூடவா காயல? ஒரு சின்னப் புள்ளைக்கு மூக்கு ஒழுகுது. நான் எப்பப் பாத்தாலும் ஒழுகிட்டே இருக்கு. யாராவது தொடச்சு விடக் கூடாதா?”

அமீன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“வெளிய வெயிலா?”

“ஆமாம்மா.”

“நான் படுத்து எத்தனை நாளாச்சு?”

அமீன் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். வெள்ளிக்கிழமை, மைக், குரூப் போட்டோ, கல்வெட்டு.

“அப்ப நான் இல்லன்னு சொன்னது...”

“அன்னைக்கு இல்லன்னு அர்த்தம்மா.”

“எத்தனை பேருக்கு அண்ணே சொன்னேன்! வாய் கூசாம, ‘நான் ஒரு தடவை பாத்தா பாத்ததுதான்’னு பெரும வேற.” குரல் உடைந்தது. “மூடுங்க. இப்பமே மூடுங்க. உங்க இயக்குநர் வந்தா, அந்த மூதேவிக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன்.”

இயக்குநர் பந்தலில் நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தார். அமீன் அமர்வை மூடினார். மூடும்போது வாசல் மின்பலகை பூஜ்யத்துக்கு வந்துவிடும், ஊரே கூடிவிடும் என்று பயந்தார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். பலகை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் அமர்வுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒப்பந்தக்காரர் அதை வெறும் மின்சாரத்தில் சொருகிவிட்டுப் போயிருந்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மூடித் திறந்திருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

இசக்கியம்மாள் எழுந்து உட்கார்ந்து, வளைந்து வளர்ந்திருந்த தன் நகங்களைப் பார்த்தார். தலைவலியில் வாந்தி எடுத்தார். இரண்டு நாள் ஓய்வு வேண்டும் என்று செவிலி சொன்னபோது, “நூறு நாளு படுத்துத்தானம்மா கெடந்தேன்” என்றார். மறுநாள் காலையில் தொப்பியைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டார். அன்றைய பதிவுகள் அனைத்தும் இறங்கின.

சகாயராஜ் சான்றிதழ் வாங்க வந்து ஜன்னலில் நின்றிருந்தார். அமீன் அவரைப் போக விடாமல் நிறுத்தி வைத்து, அந்தப் பழைய படத்தை மறுபடி உள்ளே அனுப்பினார்.

இம்முறை இசக்கியம்மாள் சுற்றி வரவே இல்லை.

“இருக்காவ.”

சகாயராஜ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“மண்டையில அடிபட்டு மொட்டை போட்டிருக்காவ. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு முகாம். நாம அமர்வத் தொறந்த மறுநாள் காலையில ஏறுன பதிவு. அந்த மச்சம் அப்படியே இருக்கு. ரொம்ப நாள் பேச்சில்லாம இருந்து அப்புறம் பேசியிருக்காவ. பேசின உடனே...” இசக்கியம்மாள் நிறுத்தினார். “அமீன் அண்ணே, ஜன்னல்ல நிக்குற அண்ணனுக்கு வலது காது மடல்ல ஒரு துண்டு இருக்காதா?”

குரலைக் கேட்டிருக்கிறாரே தவிர அவர் சகாயராஜைப் பார்த்ததில்லை. அமீன் பார்த்தார். ஐஸ் உடைக்கும் இயந்திரம் கடித்த காது.

“ஆமாம்மா. இல்ல.”

“இவுக படம் எங்கிட்ட வந்துச்சு அண்ணே. கம்பெனி அட்டையில இருந்த படம். புதுக்கோட்டைக் கிளையிலேருந்து ஒரு பொம்பள அனுப்பினாவ. மூணு தடவ. இவுக பதிவும் பின்னாடி வந்ததுதான, என் கண்ணுல எப்படிப் படும்? இந்த அண்ணன்கிட்ட இங்க பேசிக்கிட்டே, இந்த அண்ணன் அங்க இல்லன்னு அந்த அக்காவுக்கு நாந்தான் சொன்னேன்.”

வெளியே பந்தலில் மைக் சோதித்தார்கள்.

சகாயராஜ் ஒன்றுதான் கேட்டார். “அவ என்னையத் தேடினாளா?”

“மூணு தடவ தேடினாவ அண்ணே.”

“கோவமா போயிட்டான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்” என்றார் சகாயராஜ். பிறகு, “இப்ப எங்க இருக்கா?”

‘இப்போதைய முகவரி’ என்ற இடத்தில்தான் புதிய பதிவு காலியாக இருந்தது. போன வாரம் அவள் மூன்றாவது ‘இல்லை’யை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தாள்; எனவே சகாயராஜ் இறந்தவர். நேற்று சகாயராஜ் கையெழுத்துப் போட்டிருந்தார். எனவே அவளும் இறந்தவள். இறந்தவர்கள் பெயரில் நிவாரண அரிசி வாங்கித் தின்ற சிலரைத் தடுக்க, இறந்தவரின் முகவரி அக்கணமே அழிந்துவிடும்படி அமைத்திருந்தார்கள். அமீன் புதுக்கோட்டை முகாமைத் தொலைபேசியில் பிடித்தார்.

“அந்த மொட்டையம்மாவா? புருசன் செத்துட்டாருன்னு தாள் வந்ததும் கெளம்பிட்டாங்க சார். இறால் கம்பெனிக்கு ஆள் எடுத்தான் ஒரு ஏஜென்ட்டு, வேன்ல ஏத்திட்டுப் போனான். ஆந்திராவா, குஜராத்தான்னு தெரியல. நீங்க பதிவுல பாருங்க சார், எல்லாம் ஏத்தியிருக்கோம்.”

விஷயம் கேள்விப்பட்டு இயக்குநர் மாலையும் கழுத்துமாக ஓடி வந்தார். முதலில் அமர்வை மூடியதற்காகக் கத்தினார். பலகை நிற்கவில்லை என்று தெரிந்ததும் சாந்தமானார். பிறகு விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

“இதுக்கு வழி இருக்குய்யா. ரெண்டு பேரும் ஒண்ணா நேர்ல வந்து, உயிரோட இருக்கோம்னு எழுதிக் குடுத்தா ரத்து பண்ணிடலாம்.”

“ஒண்ணா வர முடிஞ்சா அவங்க எதுக்கு சார் இங்க வரணும்?”

முனைவர் யோசித்தார். “நல்ல கேள்வி. ஒரு குழு போடுவோம்.”

கட்டிலில் இசக்கியம்மாள் சத்தம் போட்டு அழுதுகொண்டிருந்தார். ஒலிபெருக்கியை யாரும் அணைக்காததால் அது பந்தல் வரை கேட்டது. விழாவுக்கு வந்தவர்கள் ஏதோ நாடகம் என்று நினைத்து முன் வரிசையில் இடம் பிடித்தார்கள்.

“தங்கச்சி, அழாத” என்றார் சகாயராஜ், ஒலிபெருக்கியைப் பார்த்து. “மூட்டையப் பிரிச்சது நான்.”

சான்றிதழை வாங்காமலே அவர் பேருந்து நிலையத்துக்கு நடந்தார். அமீன் கூடவே போனார். ஆந்திராவுக்கு எந்தப் பேருந்து, குஜராத்துக்கு எந்த ரயில் என்று இருவரும் விசாரித்தார்கள். இறால் கம்பெனி எந்த ஊரில் என்று விசாரணைக் கூண்டில் இருந்தவர் கேட்டார். கடற்கரை முழுக்க இருக்கிறதே என்றார். சகாயராஜ் முதலில் புறப்பட்ட வண்டியில் ஏறி உட்கார்ந்தார். வண்டி நகரும்போது அமீன் பக்கவாட்டில் கொஞ்ச தூரம் ஓடி, “அவங்க பேரு என்ன சகாயம்? நான் இங்கேருந்து விசாரிக்கிறேன்” என்று கத்தினார்.

சகாயராஜுக்கு அதைச் சொல்லிப் பழக்கமில்லை. வாயைத் திறந்து, தயங்கி, “லூர்து” என்றார். சத்தம் வண்டிச் சத்தத்தில் பாதி கரைந்தது.

விழா சிறப்பாக நடந்தது. இனி ஒவ்வொரு நாளும் பதிவுகளைப் புதுப்பித்து வாசிக்கும் புரட்சிகரமான முறை அறிமுகமாகிறது என்று இயக்குநர் அறிவித்தார். இதுவும் உலகில் முதல்முறை. அமைச்சர் மேடையிலேயே ஒரு பதிவைத் தட்டிப் பார்க்க விரும்பினார். கையில் கிடைத்த மனு எண்ணைக் கொடுத்தார்கள். திரையில் இரண்டு பெயர்கள் வந்தன: சகாயராஜ், இறந்தவர், லூர்துமேரி, இறந்தவர். பிழையோ நிலுவையோ எதுவும் இல்லை.

அன்றைய நிலவரப்படி பதிவுகள் அனைத்தும் சரியாக இருந்தன.